ஆட்டத்துக்கு ஒரு பாஸ்

ஊர்ச் சந்தையான பாசாரில் என் மனைவி மீன் வாங்குவதைப் பார்த்தால் மீன்காரருக்கே கொஞ்சம் பயம் வரும். முதல் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். நிறம் மங்கியிருந்தால் அந்த மீனை மட்டுமல்ல, அந்தக் கடையையே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். நான் நேர்மாறு. ஒவ்வொரு கடையிலும் நின்று, ஒவ்வொரு மீனையும் விரலால் அழுத்தி, விலை விசாரித்து, கடைசியில் முதல் கடைதான் தேவலாம் என்று திரும்பி வருவேன். அதற்குள் அங்கே தலையும் வாலும்தான் மிச்சம் இருக்கும். "அண்ணே, நீங்க கார்ல ஒக்காருங்க, அக்காவ அனுப்புங்க லா" என்று மீன்காரரே சொல்லிவிட்டார்.

கல்யாணமாகி, சிரம்பானுக்குப் பக்கத்தில் ராசாவில் குடியேறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கு. அவள் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுவாள். நான் முடிவே கட்ட மாட்டேன். சுவருக்கு அடிக்கிற சாயத்திலிருந்து சோபா வரைக்கும் இதே கதை. அப்படியானால் என்னை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டாய் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க காலெடுத்து உள்ள வச்சதுமே சரின்னு தோணிருச்சு. அதுக்கு மேல பாத்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அந்தப் பதிலை நான் இன்றுவரை பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வளர்ந்ததுதான் என் செஸ் நிரல். வேலை நாட்களில் சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக்குக் கணினி நிரல் எழுதுகிறேன். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்கிற மாதிரி வேலை; சோறு போடும், சுவாரசியம் கிடையாது. அதனால் சனிக்கிழமை மதியங்களில் எனக்கே எனக்கென்று, செஸ் ஆடும் நிரல் ஒன்றை எழுத ஆரம்பித்தேன். இதைவிடப் பல மடங்கு கெட்டிக்கார நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தாலும் வீட்டில் சுட்ட தோசை வேறுதானே.

அந்த நிரலின் வேலையைச் சொல்வது எளிது. நான் இந்தக் காயை நகர்த்தினால் எதிராளி என்ன செய்வார், அதற்கு நான் என்ன செய்வேன், அதற்கு அவர் என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் முப்பது வழியாவது இருக்கும். அந்த முப்பதில் ஒவ்வொன்றிலிருந்தும் இன்னொரு முப்பது கிளைக்கும். கொஞ்ச தூரம் போவதற்குள் எந்தக் கணினிக்கும் மூச்சு வாங்கும். எனவே சில கிளைகளைப் பார்க்காமலே வெட்டிவிட வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் எழுதுகிற ஆளின் குணம் தெரியும்.

சில வெட்டுகளில் நஷ்டமே கிடையாது. ஒரு நகர்த்தலுக்கு எதிராளி நம் ராணியைத் தூக்கிவிடுவார் என்று தெரிந்த பிறகு, அதைவிடக் கொடிய பதில் ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருப்பது வீண். அந்த நகர்த்தல் வேண்டாம், அவ்வளவுதான். செவுள் மங்கிய மீனின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு மீனுக்காகக் கடையையே விட்டுப் போவது வேறு சமாசாரம். அது ஊகம். பெரும்பாலும் சரியாக இருக்கும், நேரமும் மிச்சமாகும். என்றைக்காவது ஒருநாள் அதே கடையின் அடித்தட்டில் அருமையான வௌவால் மீன் கிடந்திருக்கும். நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நான் நஷ்டமில்லாத வெட்டை மட்டும் எழுதினேன். ஊகம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. எழுதி முடித்ததும் மனைவியை உட்கார வைத்தேன். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. பகல் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். ஆனாலும் செஸ் என்றால் களைப்பு பறந்துவிடும். என் நிரல் காய்களைக் காப்பாற்றிக்கொண்டு கண்ணியமாக ஆடியது. அவள் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை அமைதியாக நடத்திக்கொண்டே போனாள். அது எங்கே போகிறது என்று நிரலுக்குத் தெரிந்தபோது சிப்பாய் ராணியாகும் தறுவாயில் இருந்தது.

"ஏங்க, இது உங்கள மாதிரியே இருக்கு லா" என்றாள். "எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்குது. மூக்குக்கு முன்னாடி இருக்கறது மட்டுந்தான் தெரியுது."

"ஒண்ணையும் விடாமப் பாத்தா தூரமாப் பாக்க நேரம் இருக்காது."

"அப்ப வெட்டுங்க. செம்பனையில ஓலைய வெட்டாம வுட்டா பழுத்த கொல கண்ணுல படுமா?"

எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகளாகப் பிறந்தவள் அவள். நானும் விடவில்லை. "ரொம்ப வெட்டுனா மரம் எளச்சுப் போயிரும்னும் உங்க தோட்டத்துலதான் சொல்றாங்க."

"எளைக்கும்போது பாத்துக்கலாம். மொதல்ல வெட்டுங்க."

வெட்டினேன். நல்லதாகத் தோன்றும் நகர்த்தல்களை முன்னால் அடுக்கி, அந்த வரிசையில் பின்னால் வருபவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்று எழுதினேன். ஆடுகிறவர் ஏற்கெனவே பின்தங்கிய நிலையில் இருந்தால், காய் எதையும் வெட்டாத, செக்கும் வைக்காத நகர்த்தலைப் பார்க்கவே வேண்டாம் என்று எழுதினேன். நிரல் முன்னைப்போல் இரண்டு மடங்கு தூரம் பார்த்தது. அவளைத் தொடர்ந்து தோற்கடித்தது. அவள் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பெருமையும் கொஞ்சம் பயமுமாக இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை அவள் தன் யானையை வேண்டுமென்றே கொடுத்தாள். நிரல் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. அவள் எதையும் வெட்டாமல், செக்கும் வைக்காமல், குதிரையை ஓசைப்படாமல் நகர்த்தினாள். அப்படி ஒரு நகர்த்தலைப் பார்க்கவே வேண்டாம் என்று நான்தானே எழுதியிருந்தேன். அடுத்ததில் ஆட்டம் முடிந்தது. அவள் கைகொட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இப்படியே வெட்டுவதும் விடுவதுமாக எங்கள் சனிக்கிழமைகள் போயின. ஒரு வெட்டைத் தளர்த்தினால் நிரல் நிதானமாகி, கிட்டப்பார்வைக்காரனாகிவிடும். இறுக்கினால் வேகமாகி, பக்கத்தில் கிடப்பதை மிதித்துக்கொண்டு போகும். இதற்குச் சரியான அளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நடுவில் தேநீர் ஆறிப்போகும். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மதியங்கள் எனக்கு ஞாபகம் இல்லை.

ஊகங்களிலேயே பெரியது ஒன்று உண்டு. அதை எழுதும்போதே எனக்குக் கை கூசியது. நிரல் தன் முறை வந்ததும் தன்னையே கேட்டுக்கொள்ளும்: நான் இப்போது சும்மா இருந்துவிட்டு எதிராளியை இன்னொரு தடவை ஆட விட்டால்கூட என் நிலைமை நன்றாக இருக்குமா? ஆம் என்றால், ஆடினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், இந்தக் கிளையில் மேற்கொண்டு தோண்ட வேண்டாம் என்று எழுந்துவிடும். செஸ்ஸில் அப்படிச் சும்மா இருக்க அனுமதி கிடையாது. இது வெறும் பேச்சுக்குக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. ஆனால் இதனால் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆபத்து எங்கே என்றால், ராஜாவும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில். அங்கே சும்மா இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் ஆடியே தீர வேண்டும், எதை ஆடினாலும் தோல்வி என்கிற நிலை வரும். ஆடுவது எப்போதும் நல்லது என்று நம்பும் நிரல் அந்த இடத்தில் குப்புற விழும்.

இதை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "இது எங்க பாஸ் லா!"

அவளும் அவள் தங்கையும் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் செஸ் ஆடி வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து, வீட்டுக்கென்று ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து அம்மா யாராவது ஒருத்தியைக் கூப்பிடுவார். மழை வருது, துணிய எடு. சோறு பொங்குது, அடுப்பக் கொற. எழுந்து ஓடுகிறவள் "பாஸ்" என்று சொல்லிவிட்டு ஓட வேண்டும். அவள் முறை போயிற்று; உட்கார்ந்திருப்பவள் ஆடலாம். முறையை இழப்பது நஷ்டம் என்று நினைத்துத்தான் சட்டம் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் அது லாபம் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் தங்கை. மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் "அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, பாஸ்" என்று எழுந்து போய்விடுவாளாம். அம்மா கூப்பிட்டிருக்கவே மாட்டார். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் அம்மா கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பாஸ்தான் என்று சட்டத்தைத் திருத்திவிட்டாள்.

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள். தங்கையைப் பற்றி அவள் இப்படி வாய்விட்டுப் பேசி வருஷங்களாகியிருந்தன.

நடந்தது இதுதான். தங்கையைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை ஓட்டுகிறவர். தலைமுடியில் செம்பட்டைச் சாயம். உட்காரும் முன்பே போனை எடுத்து ஒருமுறை பார்த்தார். என் மனைவிக்கு அது போதும். அடுப்படிக்குப் போய்த் தங்கையிடம், "இவன் வேணாம்டி. பாத்தாலே தெரியுது" என்றாள். லயத்து வீட்டில் நடுச்சுவர் வெறும் பலகை. கூடத்தில் எல்லோரும் பேசுவதை நிறுத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைக் குனிந்து தன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தங்கையின் குரல் அதைவிடத் தெளிவாக வந்தது: "எனக்கு வேணும்."

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. என் மனைவி விருந்தாளி மாதிரி வந்து, தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். கூடப்பிறந்தவள் கல்யாணத்தில் கை நனைக்காமல் வருவது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தோடு பேச்சு நின்றது.

பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து போனதெல்லாம் அந்த லாரிக்காரர்தான். ஒருநாள் என் மனைவி வார்டு வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டு, "அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்காரு. ஊதி ஊதி ஊட்டுறாரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்ல மனுசன்தான்" என்றாள்.

"அத அவர்கிட்ட போய்ச் சொல்லேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு சந்திக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. லிங்கிக்கும் ராசாவுக்கும் காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அக்கா கூப்பிடட்டும் என்று தங்கையும், தங்கை கூப்பிடட்டும் என்று அக்காவும் இருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி என் மனைவி முறுக்குப் பிழியும்போது ஒரு டின் அதிகமாகச் செய்வாள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. பொங்கல் வரைக்கும் அதை நாங்கள்தான் தின்று தீர்ப்போம். தங்கை இல்லாத இந்தக் குறை அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது, வீம்பு வாயைக் கட்டியிருந்தது.

பாஸ் கதையைச் சொன்ன மறு சனிக்கிழமை அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டு ஆட்டத்த அதுக்குக் கத்துக்குடுங்க."

"அது செஸ்ஸே இல்ல."

"உங்க செஸ்ஸுல அது என்னத் தோக்கடிக்குது. எங்க செஸ்ஸுல வந்து மோதச் சொல்லுங்க, பாப்போம்."

முனகிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். எழுத எழுத உற்சாகம் தொற்றிக்கொண்டது. உலகத்துச் செஸ்ஸில் நான் கை கூசி எழுதிய அந்தப் பெரிய ஊகம், லிங்கித் தோட்டத்துச் செஸ்ஸில் ஊகமே இல்லை. கையில் பாஸ் இருக்கும்வரை சும்மா இருப்பது நிஜமாகவே அனுமதிக்கப்பட்ட நகர்த்தல். சும்மா இருந்தாலே நிலைமை நன்றாக இருக்கிறது என்றால் அது பேச்சுக்குச் சொல்வதல்ல, அப்படியே செய்துவிடலாம். பாஸ் தீர்ந்த பிறகுதான் பழைய ஆபத்து. இதை அவளிடம் விளக்கினேன். ரெண்டு பிள்ளைகள் துணி எடுக்கப் போட்ட சட்டம் என் தலைவலியில் பாதியைத் தீர்த்துவிட்டது என்று சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் ஓரிடத்தில் நிரல் முட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தி பாஸ் சொல்கிறாள். உடனே மற்றவளும் பாஸ் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் ஒரு விதமாக எழுத வேண்டும், கூடாது என்றால் வேறு விதமாக. கடைசிக் கட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது. அவளைக் கேட்டேன். "சொல்லலாம்" என்றாள். மறுநாள் பல் துலக்கிக்கொண்டே வந்து "இல்ல, கூடாது" என்றாள். சாயங்காலம், "சொல்லலாம்னுதான் ஞாபகம்" என்றாள்.

"ஏதாவது ஒண்ண வச்சு எழுதுங்க. இல்லன்னா அந்தக் கெளையவே வெட்டிருங்க."

"அது என் வீட்டுச் சட்டம் இல்லையே. நான் எப்படி வெட்டறது? தெரிஞ்சவங்களக் கேளு."

தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்திதான் என்பது இருவருக்கும் தெரியும். அவள் என்னை முறைத்தாள். "ரெண்டு விதமாவும் எழுதிட்டு ஒரு சுவிட்ச் வச்சா முடிஞ்சுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் அவகிட்ட பேசணும், அதானே ஒங்களுக்கு."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, என் போனை அல்ல, தன் போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஆண் குரல்.

"அக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். இதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியில் பாலர் பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் கேட்டாள்: "ஒண்ணுமில்ல, செஸ்ஸுல ஒரு சந்தேகம். நாங்க சின்னதுல ஆடுறப்ப, ஒருத்தி பாஸ் சொன்னா ஒடனே இன்னொருத்தியும் பாஸ் சொல்லலாமான்னு அவள..."

"சொல்லக் கூடாதுக்கா" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். "ஒருத்தர் பாஸ் சொல்லிட்டா மத்தவரு ஆடியே ஆகணும். ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் பாஸ் சொன்னா மொதப் பாஸுக்கு என்ன மதிப்புன்னு நீங்கதான் சட்டம் போட்டீங்களாம். இவ தெனமும் சொல்லுவா. லாரி வுட்டு வந்ததும் என்ன ஒக்கார வச்சு ஆடறா லா. அந்தப் பாஸ வச்சே என்னத் தோக்கடிச்சிடறா."

என் மனைவி வேண்டாம் என்று ஒரே பார்வையில் தள்ளிய மனிதர், அவளும் தங்கையும் மட்டும் அறிந்திருந்த ஆட்டத்துக்குள் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

"அவ இருக்காளா?"

"பக்கத்துலதான் நிக்கறா. ஒங்க நம்பரப் பாத்ததும் போன என்கிட்ட குடுத்துட்டா. இந்தா குடுக்கறேன்."

"வேணாம், குடுக்காதீங்க. மொதல்ல ஒங்ககிட்ட பேசணும்." அவள் குனிந்து போனைக் கையில் எடுத்தாள். "தம்பி..." என்றாள். அவரை அவள் எந்த முறை வைத்தும் அழைத்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவர் எப்போதும் அந்த லாரிக்காரர்தான். "தம்பி, அன்னிக்கு நான் அடுப்படியில சொன்னது ஒங்க காதுல வுழுந்துச்சு. எனக்குத் தெரியும். நான் ஒங்கள சரியாப் பாக்கவே இல்ல. பாக்காமலே சொல்லிட்டேன். தப்புத்தான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுக்கென்னக்கா. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வாங்க. ஒக்காந்து நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் என் கொழுந்தியாள் விம்மி அழுவது தெளிவாகக் கேட்டது. என் மனைவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சரி, சரி என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அது அவர்களுக்குத் தெரியாதே என்று நான்தான் போனுக்கு அருகே குனிந்து, "வர்றோம்" என்றேன்.